மூணாவதுல இருந்து நாலாவது போட்டா ரெண்டாவதுக்குள்ள இழுக்குது, கியர்பாக்ஸ் மவுண்டிங்கை வீட்லயே மாத்தலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கேன். போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு 1998 பிஎம்டபிள்யூ எம்3 வாங்கினேன், இ36 பாடி, அஞ்சு ஸ்பீடு மேனுவல், 1,30,000 மைல் ஓடின வண்டி. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா கியர் லிவர் தானா முன்னாடி பின்னாடி அசையுது, கிளட்ச் விடும்போது கீழ டொக்னு ஒரு சத்தம். போன வாரம் ஹைவே ஏறும்போது மூணாவதுல இருந்து நாலாவது போடப் போய் லிவர் ரெண்டாவதுக்குள்ள போயிடுச்சு, நல்லவேளை கிளட்ச்சை விடல. கீழ படுத்து எடுத்த போட்டோ அனுப்பியிருக்கேன். கியர்பாக்ஸ் மவுண்டிங் போச்சுன்னு ஃப்ரெண்டு சொல்றான், ரப்பரை விடக் கெட்டியான பாலியூரித்தேன் மவுண்டிங் வாங்கிப் போடு, அசையவே அசையாதுங்கறான். என்கிட்ட ஃப்ளோர் ஜாக்கி ஒண்ணு, ஸ்டாண்ட் ரெண்டு, சாக்கெட் செட் இருக்கு. டிரைவ்வே கொஞ்சம் சரிவு. நானே மாத்தலாமா, இல்ல ஷாப்ல விட்ரட்டுமா?

பதில்: தம்பி, நீங்களே மாத்தலாம். இந்த வண்டியில வீட்ல செய்யக்கூடிய வேலைகள்ல இதுவும் ஒண்ணு, துரு மட்டும் படுத்தாம இருந்தா ஒரு சனிக்கிழமை மதியத்துக்குள்ள முடிஞ்சிடும். ஆனா அந்த ரெண்டாவது கியர் விஷயத்தை முதல்ல பேசிடுவோம், நீங்க அதை ஒரு வரியில சொல்லிட்டு டொக் சத்தத்துக்குத்தான் அதிகமா கவலைப்படறீங்க, எனக்கு கவலையே அந்த ஒரு வரியில தான்.

உங்க கியர்பாக்ஸ்ல ரெண்டாவது கியர் ரேஷியோ 2.49, மூணாவது 1.66, நாலாவது 1.24. மூணாவதுல 6,000 ஆர்பிஎம் வரைக்கும் இழுத்துட்டு நாலாவது போட்டா இன்ஜின் 4,500 கிட்ட வந்து நிக்கும். அதே நேரத்துல லிவர் ரெண்டாவதுக்குள்ள போய் நீங்க கிளட்ச்சையும் விட்டுட்டா இன்ஜின் 9,000 சுத்தும். ரெவ் லிமிட்டர் இருக்கேன்னு நினைக்காதீங்க, அது பெட்ரோலை நிறுத்தும் அவ்ளோதான், அங்க இன்ஜினை சுத்த வைக்கிறது பெட்ரோல் இல்ல, ரோட்ல ஓடிக்கிட்டு இருக்கிற வீலு. வால்வு மூடறதுக்குள்ள பிஸ்டன் மேல வந்து இடிச்சிடும், ஹெட்டைக் கழட்டற வேலை, சில நேரம் முழு இன்ஜினே மாத்தற வேலை. அதனால மவுண்டிங் மாத்தற வரைக்கும் மூணாவதை 4,000க்கு மேல இழுக்காதீங்க, அந்த ஸ்பீடுல தப்பா ரெண்டாவது விழுந்தாலும் 6,000 தான் வரும், இன்ஜின் தாங்கிக்கும். லிவரை உள்ளங்கையால மெதுவா நேர் பின்னாடி தள்ளுங்க, இடது பக்கமா உங்க பக்கம் சாய்ச்சு இழுக்காதீங்க.

மவுண்டிங் போனா கியர் ஏன் மாறி விழுதுன்னு புரிஞ்சிட்டா மத்ததெல்லாம் புரிஞ்சிடும். இந்த வண்டியில இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒண்ணா போல்ட் பண்ணின ஒரே நீளமான கட்டை, அது மவுண்டிங்னு சொல்ற நாலு ரப்பர் மேல உக்காந்திருக்கு, முன்னாடி இன்ஜினுக்கு இடமும் வலமும் ரெண்டு, பின்னாடி கியர்பாக்ஸ் வால் பக்கத்துல சின்னதா ரெண்டு. உங்க இன்ஜின் டார்க், அதாவது முறுக்கு விசை, 320 நியூட்டன் மீட்டர் சுமார், முதல் கியர் ரேஷியோ 4.20, ரெண்டையும் பெருக்கினா 1,300க்கு மேல வருது, பின்னாடி போற ஜாயிண்ட் ஷாஃப்ட்டுங்கற நீளத் தண்டை ஒரு பக்கம் அவ்வளவு முறுக்கும்போது இந்தக் கட்டை மொத்தமும் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கப் பார்க்கும், அதைப் பிடிச்சு நிறுத்தறது அந்த நாலு ரப்பர் தான். இதுல கியர் லிவர் எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க, லிவரைத் தாங்கற நீளமான அலுமினிய கேரியரோட முன் முனை கியர்பாக்ஸ்ல ஊசி மாதிரி ஒரு பின் குத்தி மாட்டியிருக்கு, பின் முனை பாடியில ஒரு ரப்பர் புஷ்ல சொருகியிருக்கு. அதாவது பாதி கியர்பாக்ஸோட ஆடும், பாதி பாடியோட நிக்கும். மவுண்டிங் கிழிஞ்சு கியர்பாக்ஸ் பக்கவாட்டுல நகர்ந்தா, உங்க கை சரியா நாலாவது இருக்கிற இடத்துக்குத்தான் போகுது, ஆனா நாலாவது அந்த இடத்துல இல்ல. லேசா வளைவுல திரும்பிக்கிட்டே கியர் மாத்தறப்போ இது இன்னும் மோசம், ஹைவே ராம்ப்ல உங்களுக்கு நடந்தது அது தான்.

சரி, மவுண்டிங் தான் போச்சுன்னு எப்படி உறுதி பண்றது? பார்ட்ஸ் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல லிவரைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, பிறகு ஒவ்வொரு கியர்லயும் போட்டு ஆட்டிப் பாருங்க. வண்டி நிக்கும்போதே லிவர் தொளதொளன்னு இருந்தா அது லிவர் புஷ், கேரியர் புஷ் பிரச்சினை, மவுண்டிங் மாத்தினாலும் பாதி அப்படியே இருக்கும். நிக்கும்போது ஓரளவு டைட்டா இருந்து, ஓட்டும்போது காலை வச்சு எடுக்கறப்ப மட்டும் அசைஞ்சா மவுண்டிங். அடுத்து டொக் சத்தம். காலுக்குப் பக்கத்துல, லிவருக்குக் கீழ இருந்து வருதா, இல்ல பின் சீட்டுக்குக் கீழ இருந்து வருதா? பின்னாடின்னா டிஃபரன்ஷியல் புஷ், பின் வீலைப் பிடிச்சிருக்கிற டிரெய்லிங் ஆர்மோட புஷ்ஷைப் பார்க்கணும், இ36ல டிரெய்லிங் ஆர்ம் புஷ் போறது ரொம்ப சகஜம். முன்னாடி லிவருக்குக் கீழன்னா மவுண்டிங்கோட சேர்த்து கியர்பாக்ஸுக்கும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல இருக்கிற வட்டமான ரப்பர் கப்ளிங்கையும் பார்க்கணும். வண்டிக்கு அடியில போறப்போ டார்ச் அடிச்சு அதோட ஒவ்வொரு போல்ட்டுக்கும் நடுவுல உள்ள ரப்பரைப் பாருங்க, மேல மேல கோடு கோடா சின்ன வெடிப்புன்னா வயசு, நகம் உள்ள போற அளவுக்கு பிளவுன்னா அதையும் மாத்தியே ஆகணும்.

உங்க போட்டோவை பெருசு பண்ணிப் பார்த்தேன். வலது பக்க மவுண்டிங்ல மேல் தகட்டுக்கும் ரப்பருக்கும் நடுவுல ஒரு கருப்பு இடைவெளி தெரியுது பாருங்க, அது நிழல் இல்ல, ரப்பர் தகட்டை விட்டு உரிஞ்சு வந்திருக்கு. இந்த மவுண்டிங்ல ரப்பரை ரெண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவுல வைச்சு வேகவைச்சு ஒட்டியிருப்பாங்க, மேலயும் கீழயும் நட்டு ஏற்ற ஒரு மறைத்தண்டு (ஸ்டட்) நீட்டிக்கிட்டு இருக்கும், அந்த ஒட்டு விட்டா பிறகு வெறும் எடையில உக்காந்திருக்கு, இழுத்துப் பிடிக்கிற வேலையை செய்யாது. இடது பக்கம் உரியல, ஆனா நடுவுல தொப்பை தள்ளி பிதுங்கி நிக்குது. ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க.

இன்னொண்ணு, வலது மவுண்டிங் மேல கியர்பாக்ஸ் உடம்புல ஈரமா, மண்ணு ஒட்டிப் போய் இருக்கு. அதை முதல்ல துடைச்சு, பிரேக் கிளீனர் அடிச்சு சுத்தம் பண்ணி, ரெண்டு மூணு நாள் ஓட்டிட்டு மறுபடி பாருங்க. கியர்பாக்ஸ் பின்பக்கம் ஷாஃப்ட் வெளிய வர்ற இடத்துல ஒரு ஆயில் சீல், லிவர் ராடு உள்ள போற இடத்துல ஒரு ஆயில் சீல், ரெண்டுல எது கசிஞ்சாலும் வழிஞ்சு நேரா மவுண்டிங் மேல தான் விழும். ரப்பர்ல ஆயில் ஊறினா உப்பி மெத்துனு ஆயிடும், புதுசா போட்டதும் சீக்கிரமே அதே கதிக்கு வரும். கசிவை விட்டுட்டு மவுண்டிங்கை மட்டும் மாத்தறது காசைத் தண்டம் பண்றது. லேசான ஈரம்னா பரவாயில்ல, சொட்டு தொங்கினா சீலை முதல்ல பாருங்க.

இன்ஜின் மவுண்டிங் ரெண்டையும் இப்பவே பார்த்துடுங்க. பானட்டைத் திறந்து வச்சு, இன்ஜின் ஓடற நேரத்துல பக்கத்துல நின்னு இன்னொருத்தரை விட்டு கியர்ல போட்டு இழுக்கச் சொல்ற முறை ஒண்ணு சொல்வாங்க, அதை வீட்ல செய்ய வேண்டாம், கிளட்ச்சுல கால் நழுவினா வண்டி உங்க மேல வரும். இன்ஜினை நிறுத்திட்டு, நல்ல நீளமான ஒரு கம்பியை மவுண்டிங் பக்கத்துல கொடுத்து லேசா நெம்புங்க, ரப்பர் கொஞ்சம் நீண்டு திரும்பி வந்தா சரி, தகட்டுக்கும் ரப்பருக்கும் நடுவுல வாய் திறந்தா போச்சு. இவ்வளவு மைல் ஓடின வண்டியில அது பழைய ரப்பராவே இருந்தா நான் நாலையும் ஒரே சீசன்ல மாத்திடுவேன், ஏன்னா முன்னாடி ரெண்டும் தளர்ந்திருந்தா அந்த முறுக்கெல்லாம் பின்னாடி இருக்கிற சின்ன ரெண்டு மேல ஏறும்.

இப்ப உங்க ஃப்ரெண்டு சொன்ன பாலியூரித்தேன். அவர் சொல்றது முழுசா தப்பில்ல, டிராக்ல ஓட்டற வண்டிக்கு அது நல்லது, கியர் போடறது ரொம்ப கச்சிதமா இருக்கும். ஆனா நீங்க தினமும் ஆபீஸுக்கு ஓட்டற வண்டி இது. ஸ்ட்ரெய்ட் சிக்ஸ், அதாவது ஒரே வரிசையில ஆறு சிலிண்டர் இருக்கிற இன்ஜின், இயற்கையாவே பேலன்ஸ் ஆன இன்ஜின், அதனால நாலு சிலிண்டர் வண்டி அளவுக்கு அதிர்வு வராது, இருந்தாலும் கியர் பல்லோட ஊளைச் சத்தமும் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்ல ஒரு உறுமலும் கியர்பாக்ஸுக்கு மேல இருக்கிற பாடி டனல் வழியா நேரா கேபினுக்குள்ள வரும். அதைவிட முக்கியம், முன்னாடி இன்ஜின் மவுண்டிங் மெத்துனு பழசா இருக்கும்போது பின்னாடி மட்டும் ரொம்ப கெட்டியா போட்டா, இன்ஜின் முறுக்கறப்போ அந்த வளைவு எங்கயாவது போகணும் இல்லையா, ரப்பர்ல போக வழியில்லாம மவுண்டிங் மாட்டற கியர்பாக்ஸோட அலுமினிய காதுல போய் உக்காரும். அலுமினியம் கட்டையா இருக்கிற சாலிட் மவுண்டிங் போட்ட வண்டிகள்ல அந்த காது வெடிக்கறது உண்டு. என்னோட அபிப்பிராயம், ஒரிஜினல் ரப்பரே போடுங்க. பிஎம்டபிள்யூ டப்பாவுல வர்றதோ, லெம்ஃபோர்டர், கோர்ட்டெகோ மாதிரி பேர் உள்ள கம்பெனியோ வாங்குங்க, ஆன்லைன்ல பேரே இல்லாம பாதி விலைக்கு கிடைக்கிறதை மட்டும் தொடாதீங்க, அதுல ரப்பர் ஒட்டு சீக்கிரம் விடும். புது ரப்பர் போட்டதுமே, புது வண்டி இப்படித்தான் இருந்திருக்கும் போலன்னு உங்களுக்குத் தோணும், அதுக்கப்புறமும் போதலைன்னா பாலியைப் பத்தி யோசிக்கலாம்.

இடம். இதுல நான் விட்டுக் கொடுக்க மாட்டேன் தம்பி, சரிவான டிரைவ்வேல இந்த வேலையைச் செய்யாதீங்க. காராஜ் தரை சமமா இருந்தா அங்க செய்யுங்க, இல்லன்னா சமமான கான்கிரீட் தரை இருக்கிற யாராவது வீட்ல கேட்டு செய்யுங்க. தார் ரோடா இருந்தா வெயில்ல ஸ்டாண்ட் கால் உள்ள இறங்கும், அடியில கெட்டியான பிளைவுட் வைக்கணும். வண்டியைத் தூக்கினதும் ஜாக்கியை நம்பி ஒரு கை கூட உள்ள விடக்கூடாது, ஸ்டாண்ட் வச்சு, வண்டியை அது மேல இறக்கி, பக்கவாட்டுல நல்லா குலுக்கிப் பார்த்த பிறகு தான் தலை உள்ள போகணும். சிமென்ட் பிளாக் வேண்டவே வேண்டாம், எடை ஒரு ஓரமா ஏறினா சொல்லாம கொள்ளாம பொடியாயிடும். முன்பக்கம் மட்டும் தூக்கினாலே இந்த வேலை செய்யலாம், பின் வீல் ரெண்டுக்கும் முன்னயும் பின்னயும் கட்டை கொடுத்து, கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து வையுங்க. உங்க ஜாக்கி ஒண்ணே ஒண்ணு, அது கியர்பாக்ஸைத் தாங்கப் போகுது, அதனால வண்டி முழுக்க ஸ்டாண்ட் மேல தான் நிக்கணும். வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு அடியில போங்க, பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லுங்க.

முந்தின நாள் ராத்திரியே நட்டு எல்லாத்துலயும் பிபி பிளாஸ்டர் மாதிரி துரு இளக்கற ஆயில் அடிச்சு ஊற விடுங்க, மறுநாள் காலையில இன்னொரு தடவை. நியூ ஜெர்சியில குளிர்காலம் பூரா ரோட்ல உப்பு போடறாங்க, கால் நூற்றாண்டுக்கு மேல உப்புத் தண்ணியில நனைஞ்ச நட்டு அது. கேஸ் டார்ச் வச்சு சூடாக்கற யோசனை வந்தா விட்டுடுங்க, பெட்ரோல் லைனும் பிரேக் லைனும் இந்த வண்டிக்கு அடியில தான் ஓடுது. காலையில வண்டியை ஓட்டாதீங்க, எக்ஸாஸ்ட் பைப் உங்க முழங்கைக்குப் பக்கத்துலயே இருக்கும்.

வேலைன்னு பார்த்தா இவ்ளோதான். கியர்பாக்ஸ் அடியில ஒரு பலகைத் துண்டு வச்சு அதுக்குக் கீழ ஜாக்கி, ஆயில் வடிக்கற டிரெய்ன் போல்ட் மேல படாம. ஜாக்கியை மெதுவா ஏத்துங்க, பலகை தொட்டு, மவுண்டிங் ரப்பர் லேசா நிமிர்ற இடத்துல நிறுத்துங்க, அதுக்கு மேல தூக்க வேண்டாம். கழட்டறதுக்கு முன்னாடி, மவுண்டிங்கைத் தாங்கற குறுக்குப் பட்டையான கிராஸ் மெம்பர் எந்தப் பக்கம் முன்னாடி இருக்குன்னு பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்துக்கோங்க. பெரும்பாலும் எல்லாமே 13 எம்எம் சாக்கெட். மவுண்டிங்கோட கீழ் நட்டு ரெண்டு, பிறகு கிராஸ் மெம்பரை பாடியோட பிடிச்சிருக்கிற போல்ட்டுகள், கழட்டினா கிராஸ் மெம்பர் கையோட வந்திடும். மேல் நட்டுக்கு நேரா சாக்கெட் போகாது, நீளமான எக்ஸ்டென்ஷனும் வளையற ஜாயிண்ட்டும் வேணும், அல்லது தலையில ராட்செட் உள்ள 13 ஸ்பேனர் இருந்தா பாதி கஷ்டம் குறையும். இந்த நேரத்துல ஜாக்கியைக் கீழ இறக்கி இடம் பண்ணிக்கலாம்னு தோணும், ஒரு இன்ச் வரைக்கும் சரி, அதுக்கு மேல இறக்கினா கியர்பாக்ஸ் வால் கீழ போகும், இன்ஜின் மூக்கு மேல ஏறும், ரேடியேட்டர் ஃபேன் அதைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக்ல போய் இடிக்கும்.

ரப்பர் உரிஞ்சிருக்கிறதால வலது பக்கம் ஒரு தொல்லை வரலாம், நட்டைச் சுத்தினா நட்டு கழலாம மறைத்தண்டு மொத்தமும் சேர்ந்து சுத்தும். பதட்டப்பட வேண்டாம், அந்த மவுண்டிங் குப்பைக்குத்தான் போகுது, ரப்பரைக் கத்தியால வெட்டி எடுத்துட்டு தகட்டை லாக்கிங் பிளையர்ல இறுக்கிப் பிடிச்சிட்டு கழட்டுங்க. அப்பவும் வரலைன்னா நட்டைப் பிளக்கற நட் ஸ்பிளிட்டர். வெளிய வந்ததும் பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல மேசை மேல நிக்க வச்சுப் பாருங்க, பழசு குட்டையா இருக்கும், கட்டை விரலால ஓரத்துல அமுக்கினா உரிஞ்ச பக்கம் தகடு தனியா தூக்கும், உள்பக்கம் பளபளன்னு தேஞ்சு கிடக்கும், அந்த பளபளப்பு தான் இவ்வளவு நாளா நீங்க கேட்ட டொக். கிராஸ் மெம்பர்ல துரு உதிர்ந்தா வயர் பிரஷ் போட்டு தேய்ச்சு, ஓட்டை விழுந்திருக்கான்னு ஸ்குரூ டிரைவரால தட்டிப் பாருங்க, ஓட்டைன்னா அதையும் மாத்தணும்.

மாட்டும்போது அவசரப்படாதீங்க. பாடிக்குள்ள போற போல்ட்டை எல்லாம் விரலாலயே மூணு நாலு சுத்து ஏத்திட்டு தான் ஸ்பேனர் எடுக்கணும், இம்பேக்ட் கன் கூடாது, அங்க மறை கழண்டா உள்ள கை விட்டு சரி பண்ண வழியே கிடையாது. நட்டு எல்லாம் புதுசா போடுங்க, பூட்டு நட்டு ஒரு தடவைக்குத்தான். எல்லாத்தையும் தளர்வா மாட்டி, ஜாக்கியை இறக்கி கியர்பாக்ஸ் எடை முழுசா புது ரப்பர் மேல உக்காந்ததுக்கு அப்புறம், கையால கியர்பாக்ஸை லேசா ஆட்டி அதுவா ஒரு இடத்துல அமர விட்டு, அதுக்குப் பிறகு தான் இறுக்கணும். முதல்லயே இறுக்கிட்டா ரப்பர் முறுக்கின நிலையிலயே காலம் பூரா நிக்கும், ஐடில்ல கூட அதிர்வு வரும். எம்8 நட்டுக்கு 21 நியூட்டன் மீட்டர் தான், அதாவது 15, 16 ஃபுட் பவுண்ட், கைக்கு ரொம்ப லேசா தெரியும், இன்னும் கொஞ்சம்னு இழுத்து நிறைய பேர் மறைத்தண்டை முறிச்சிடறாங்க. உங்ககிட்ட டார்க் ரெஞ்ச் இல்ல போல, அதை மட்டும் கைக்கணக்குல செய்யாதீங்க, ஆட்டோ பார்ட்ஸ் கடைகள்ல டெபாசிட் வச்சா இரவல் தருவாங்க, கேக்கும்போது 3/8 இன்ச் சின்னதா கேளுங்க, வீல் நட்டுக்கு வர்ற பெரிய அரை இன்ச் ரெஞ்ச் இவ்வளவு குறைஞ்ச அளவுல சரியா காட்டாது.

முடிஞ்சதும் முதல்ல தெருவுக்குள்ள ஓட்டிப் பாருங்க. காலை வச்சு எடுத்தா லிவர் கிட்டத்தட்ட அசையாம நிக்கணும். புது ரப்பர்ங்கறதால ஐடில்ல சீட்ல முன்னைவிட கொஞ்சம் அதிர்வு தெரியலாம், சில நாள்ல குறைஞ்சிடும். குறையாம, ஒரே ஆர்பிஎம்ல உலோகம் உரசற மாதிரி ரீங்காரம் வந்தா எக்ஸாஸ்ட் எங்கயோ பாடியையோ கிராஸ் மெம்பரையோ தொடுதுன்னு அர்த்தம், கியர்பாக்ஸ் இப்ப உயரமா உக்காந்திருக்கு, எக்ஸாஸ்ட் ரப்பர்களை ஒரு பார்வை பாருங்க. ஒரு 100 மைல் ஓடினதும் மறுபடி ஸ்டாண்ட்ல ஏத்தி எல்லா நட்டையும் அதே டார்க்ல ஒரு தடவை சரி பாருங்க, அப்படியே கியர்பாக்ஸ் பின்பக்கம் ஈரம் வந்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்து ஒரு போட்டோ அனுப்புங்க, எந்த சீல்னு நான் பார்த்துச் சொல்றேன். அந்த 4,000 கட்டுப்பாடு அதுவரைக்கும் இருக்கட்டும், நாலாவது கியர் தேடாம, வளைவுலயும் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் நேரா விழுதுன்னு உங்களுக்கே உறுதியானதும் எடுத்துடலாம்.